குப்பையைத் தள்ளு என்கிற தம்பிகளுக்கு

லினக்ஸ் போட்ட கணினி கொஞ்சம் மெதுவாகிவிட்டால் போதும், எங்கிருந்தோ ஒரு தம்பி வந்துவிடுகிறார். பேரனின் நண்பராக இருப்பார், அல்லது பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்ப்பவராக இருப்பார். "சார், தேவையில்லாத பேக்கேஜ் நிறைய இருக்கு, குப்பை. எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிடலாம்" என்று சொல்லி, கறுப்புத் திரையைத் திறந்து, ஆப்ட் ரிமூவ் என்று தட்டி, கடைசியில் ஹைஃபன் போட்டு ஒரு ஒய் சேர்த்து என்டரை அழுத்திவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். ஒய் என்பது ஆங்கிலத்து யெஸ். அதாவது, கணினி என்ன கேட்டாலும் "ஆமாம்" என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

நிரப்பாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அதிகாரியை நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட நிம்மதியாக ஓய்வு பெறவில்லை. இந்தத் தம்பிகளோடு எனக்குள்ள வழக்கு இதுதான்: நீக்குவது தவறில்லை, படிக்காமல் நீக்குவது தவறு. அதையும் அடுத்தவர் கணினியில் செய்துவிட்டு, பழியை லினக்ஸின் மேலும் வயதானவர்கள் மேலும் போடுவது அயோக்கியத்தனம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்குப் பிறகு வந்தது, உத்தியோகத்துக்காக. "டிபென்டென்சி" என்ற சொல்லை லினக்ஸில் முதலில் பார்த்தபோது என் காதில் விழுந்தது "தெப்பாந்தான்ஸ்" என்ற பிரெஞ்சுச் சொல். எங்கள் ஊர்ப் பழைய பத்திரங்களில் நொத்தேர் எழுதுவார்: இன்ன வீடும் அதன் தெப்பாந்தான்ஸ்களும் என்று. வீட்டின் பின்கட்டில் இருக்கிற கொட்டகை, வண்டி நிறுத்துமிடம், வேலைக்காரர் அறை இவையெல்லாம்தான் தெப்பாந்தான்ஸ். பெரிய வீட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்னச் சமாசாரங்கள். குவாதலூப் தீவை அந்தக் காலத்தில் "குவாதலூப்பும் அதன் தெப்பாந்தான்ஸ்களும்" என்று எழுதுவார்கள். பெரிய தீவு ஒன்று, சுற்றி உள்ள சின்னத் தீவுகள் அதன் தொங்கல்கள். கொட்டகையை இடித்தால் வீடு நிற்கும். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

லினக்ஸில் இது அப்படியே தலைகீழ். அங்கே டிபென்டென்சி என்பது ஒட்டிக்கொண்டு நிற்பதன் பெயராக இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு மற்றது நிற்கிறதோ அதன் பெயர். டெபியனில் ஒவ்வொரு மென்பொருள் பொதியின் மேலும் ஒரு குறிப்பு இருக்கும்: நான் ஓட வேண்டுமானால் இன்னின்னவை இருக்க வேண்டும் என்று. அந்த இன்னின்னவைதான் டிபென்டென்சிகள். தமிழில் "சார்பு" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் சார்கிறவன் யார், தாங்குகிறவன் யார் என்பதை அது சொல்லவில்லை. நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: கொழுகொம்பு. மேலே படர்ந்திருக்கிற மென்பொருள் கொடி. அடியில் இருக்கிற நூலகம், எழுத்துரு, மொழிபெயர்ப்பி எல்லாம் கொழுகொம்பு. பூ பூப்பது கொடியில்தான், கண்ணுக்குத் தெரிவதும் கொடிதான். கொழுகொம்பு காய்ந்த குச்சி மாதிரி நிற்கும். "இந்தக் குச்சி எதற்கு இங்கே?" என்று பிடுங்குகிறவனைத்தான் நான் மேலே தம்பி என்றேன்.

பிடுங்கினால் என்ன நடக்கும்? இரண்டு திசையில் நடக்கும், இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, மேல்நோக்கி. ஒரு கொழுகொம்பை நீக்கச் சொன்னால், அதில் படர்ந்திருக்கிற கொடிகளையும் ஆப்ட் சேர்த்து எடுத்துவிடும். விழுந்து உடைய விடாமல், முறையாக இறக்கி வைக்கும். இது அதன் நேர்மை. கொம்பில்லாத கொடியைப் பாதி உயிரோடு விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது, கீழ்நோக்கி. ஒரு கொடிக்காகத் தானாக வந்த கொம்புகளுக்கு "தானாக வந்தது" என்று ஒரு குறி இருக்கும். நாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவற்றுக்கு அந்தக் குறி இருக்காது. கொடி போன பிறகு, தானாக வந்த கொம்புகள் யாருக்கும் வேண்டாதவையாக நிற்கும். அவற்றைப் பெருக்கித் தள்ளுவதற்குத்தான் ஆட்டோரிமூவ் என்ற கட்டளை.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. இரண்டும் அடுத்தடுத்து ஓடும்போதுதான் விபரீதம். தமிழனுக்கு நேரடியாக வலிக்கிற உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

டெபியனில் ஃபாண்ட்ஸ்-இண்டிக் என்று ஒரு பொதி உண்டு. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அது ஒரு பட்டியல் மட்டுமே. வங்காளம், தேவநாகரி, குஜராத்தி, கன்னடம், மலையாளம், தெலுங்கு, தமிழ் என்று ஒவ்வொரு மொழியின் எழுத்துருப் பொதியையும் அது கொழுகொம்பாகக் கேட்கும். அதை நிறுவினால் எல்லாம் வந்துவிடும். வசதி. இப்போது ஒருவர் பார்க்கிறார்: "குஜராத்தி எழுத்துரு உங்களுக்கு எதற்கு சார்? குப்பை." குஜராத்தியை மட்டும் நீக்குகிறார். குஜராத்தி போனதும், அதைக் கட்டாயம் என்று கேட்ட ஃபாண்ட்ஸ்-இண்டிக் பட்டியலும் போகிறது. பட்டியல் போனதும், அந்தப் பட்டியலுக்காகத் தானாக வந்த தமிழ் எழுத்துருவைக் கேட்பார் யாருமில்லை. ஆப்ட் இதை மறைக்கவில்லை. இவையெல்லாம் இனித் தேவையில்லாதவை, வேண்டுமானால் ஆட்டோரிமூவ் செய்துகொள் என்று பெயர் பெயராக எழுதிக் காட்டுகிறது. தம்பி அதைப் படிக்கவில்லை. ஆட்டோரிமூவ், ஹைஃபன், ஒய். வேறு தமிழ் எழுத்துரு இல்லாத கணினியாக இருந்தால், அடுத்த நிமிடம் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இது கற்பனை இல்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வருடத் திதிக்கு வருகிற உறவினர்களுக்குக் கொடுக்க, அந்த அம்மாவைப் பற்றிச் சிறியதாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது பக்கம் போல வந்திருந்தது. அப்போதுதான் கணினியை ஒருவர் "சுத்தம்" செய்து கொடுத்தார். மறுநாள் கோப்பைத் திறந்தால் நாற்பது பக்கமும் கட்டங்கள். நண்பர் அந்தத் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கிடைத்த பதில்: "லினக்ஸ்னா அப்படித்தான் சார். கோப்பு கரப்ட் ஆகியிருக்கும். விண்டோஸ் போட்டுக்குங்க."

பத்து நாள் அந்த மனிதர் எழுதியது அழிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றார் என்னிடம், பிறகு.

ஆப்ட் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும். கணினியில் வார், லாக், ஆப்ட் என்று உள்ளே போனால் ஹிஸ்டரி என்ற கோப்பு இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, யார் கணக்கிலிருந்து, என்னென்ன நீக்கப்பட்டன என்று வரிசையாக. எந்த அலுவலகத்திலும் இத்தனை ஒழுங்காகத் தபால் பதிவேடு எழுதி நான் கண்டதில்லை. அதில் எல்லாம் இருந்தது. தமிழ் எழுத்துருவை மறுபடி நிறுவியதும் நாற்பது பக்கமும் ஒரு புள்ளி குறையாமல் வந்து நின்றன. ஆனால் திதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

தம்பி மிச்சப்படுத்திக் கொடுத்த இடம் எவ்வளவு தெரியுமா? அந்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கல்யாண வீடியோவின் ஓரத்தில் அடங்கிவிடும்.

சரி, எழுத்துரு போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பைத்தானைப் பிடுங்குகிறவர்களை என்ன சொல்வது? புதிய பைத்தான் வேண்டும் என்று கணினியோடு வந்த பைத்தானை நீக்குகிறார்கள். உபுண்டுவில் பைத்தான் மாணவர்களுக்காக வைத்த பயிற்சிப் பொருள் இல்லை. புதுப்பிக்கும் கருவி, மென்பொருள் மூலங்களை நிர்வகிக்கும் கருவி என்று பலவும் அதில்தான் படர்ந்திருக்கின்றன. நீக்கச் சொன்னால் பக்கம் நிறையப் பெயர்கள் ஓடும், மேசைத்தளத்தின் பெயர் உட்பட. அந்தப் பட்டியலின் நீளமே எச்சரிக்கை. ஒரு பொருளை எடுக்கச் சொன்னால் நூறு பொருளை எடுக்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்கிறார் என்றால், கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டாமா? புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சண்டை போடாது.

"படிக்காதவன் தப்பு, கருவி என்ன செய்யும்?" என்று இங்கே ஒரு கூட்டம் எழுந்து நிற்கும். அவர்களுக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களும் எனக்கு எதிர்க்கட்சிதான்.

2021 நவம்பரில் கனடாவின் லைனஸ் செபாஸ்டியன், கணினிச் சாமான்களைப் பற்றிக் காணொளி போடுகிறவர், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். கவனியுங்கள், நிறுவத்தான் போனார், நீக்கப் போகவில்லை. அன்றைக்கு அந்தப் பொதியின் கொழுகொம்புகளில் ஒரு பதிப்புப் பொருந்தாமல் இருந்தது. ஆப்ட் கணக்குப் போட்டுப் பார்த்து, ஸ்டீம் வேண்டுமென்றால் மேசைத்தளத்தையே எடுக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தது. அவசியமான பொதிகள் நீங்கப்போகின்றன, என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் தொடர் என்று எச்சரித்து, "ஆம், நான் சொல்கிறபடி செய்" என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியத்தை முழுவதும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார். மேசைத்தளம் போய்விட்டது. உலகம் முழுவதும் பார்த்தது.

இவர் படிக்கவில்லை, எனவே இவர்தான் குற்றவாளி என்று அப்போது சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. அவர் கேட்டது ஒரு விளையாட்டு. அதற்கு ஈடாக வீட்டையே கேட்பது என்ன கணக்கு? ஆப்டை எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதைத் திருத்தி, அவசியப் பொதிகளைத் தானாகக் கணக்குப் போட்டு எடுக்காதபடி செய்தார்கள். இப்போது ஆப்டில் அந்த வாக்கியத்தைத் தட்டினால் போதாது; அதற்கென்று தனியே ஓர் அனுமதியைக் கட்டளையிலேயே எழுத வேண்டும். கருவியும் திருந்த வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எனவே இரண்டு தரப்பையும் சொல்கிறேன். பட்டியல் நீட்டினால் படிக்க வேண்டியது உதவி செய்கிறவர் பொறுப்பு. படிக்கிற மாதிரி பட்டியல் போட வேண்டியது கருவியை எழுதுகிறவர் பொறுப்பு. நடுவில் உட்கார்ந்திருக்கிற எழுபது வயதுக்காரரிடம் "நீங்கள்தானே யெஸ் கொடுத்தீர்கள்" என்று கேட்பதற்கு இருவருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு ஜாதி உண்டு. வேடிக்கைக்காரர்கள். பிரெஞ்சுக்காரனாக வளர்ந்தவன் என்ற முறையில் இவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம். லினக்ஸ் உலகத்தில் பழைய நகைச்சுவை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது: உங்கள் கணினியில் பிரெஞ்சு மொழிப் பொதி வீணாக இடத்தை அடைக்கிறது, ஆர்எம், இடைவெளி, ஹைஃபன், எஃப்ஆர் என்று தொடங்கும் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் நீங்கிவிடும் என்று. எஃப்ஆர் என்பது உண்மையிலேயே பிரெஞ்சு மொழியின் குறியீடு. உபுண்டுவின் மொழிப் பொதிகளின் பெயரில்கூட அதுதான் இருக்கும். ஆனால் ஆர்எம் கட்டளையில் எஃப் என்றால் கேட்காமல் செய், ஆர் என்றால் உள்ளே உள்ளதையெல்லாம் சேர்த்து. மொத்த வட்டையும் வழிப்பதற்கான கட்டளை அது. யார் ஏமாறுவார்கள்? கொஞ்சம் தெரிந்தவர்கள். எஃப்ஆர் என்றால் பிரெஞ்சு என்று அறிந்த என்னைப் போன்றவர்கள். முட்டாளை ஏமாற்றுகிற வேடிக்கை இல்லை இது, நம்பி வந்தவனின் அறிவையே கண்ணியாக வைப்பது. இப்போதெல்லாம் ஆர்எம் கட்டளை வேர் அடைவை அப்படிச் சும்மா அழிக்க மறுக்கிறது. அதற்கும் மாற்று வழி சொல்லிக் கொடுக்கிற வேடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். மொழிப் பொதியை நீக்க ஆப்ட் இருக்கிறது. ஆப்ட் கணக்குப் பார்க்கும், எழுதி வைக்கும். ஆர்எம்முக்குப் பதிவேடும் கிடையாது, கொழுகொம்பும் தெரியாது.

பலவந்தக்காரர்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆப்ட் இத்தனை பேரைச் சேர்த்து எடுக்கிறதா, இரு, டீபிகேஜி கொண்டு இதை மட்டும் வலுக்கட்டாயமாகப் பிடுங்குகிறேன் என்பார்கள். முடியும். கொம்பு போகும், கொடி அந்தரத்தில் நிற்கும். அதற்குப் பிறகு ஆப்டிடம் எது கேட்டாலும், முதலில் உடைந்ததைச் சரிசெய் என்று பிடிவாதம் பிடிக்கும். கோப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்துவிட்டு, உள்ளடக்கப் பட்டியலைத் திருத்தாமல் பதிவறைக்கு அனுப்புகிற குமாஸ்தாவின் வேலை இது. அவருக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவர்தான் அழுவார்.

எதையும் நீக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கைப்பேசியில் கம்பெனிக்காரன் வைத்த செயலியை நம்மால் பல நேரம் நீக்கவே முடிவதில்லை. லினக்ஸில் என் வீட்டில் எது இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன், அதற்காகத்தான் இதில் இருக்கிறேன். ஆட்டோரிமூவும் பல இடங்களில் நல்லதே செய்கிறது. பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து, பூட் பகுதியைச் சின்னதாகத் தனியே பிரித்து வைத்தவர்களுக்கு அது நிரம்பி வழிந்து, புதுப்பிப்பதே நின்றுபோகும். அப்போது ஆட்டோரிமூவ்தான் கை கொடுக்கும். அதுவும் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலை விட்டுவைக்கும். அதே மாதிரி பட்டியலில் வருகிற எல்லாப் பெயரும் பயப்பட வேண்டிய பெயரில்லை. உபுண்டு-டெஸ்க்டாப் என்று வந்தால் மேசைத்தளம் முழுவதும் போகிறது என்று பதற வேண்டாம். அதுவும் ஃபாண்ட்ஸ்-இண்டிக் போல ஒரு பட்டியல் பொதிதான். அது மட்டும் போனால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பெரிய மேம்பாட்டில் புதிதாகச் சேர வேண்டியவை சேராமல் போகலாம். இந்த மாதிரி பட்டியல்களுக்கென்று ஆப்டில் தனி விதியே போட்டு, அவை போனாலும் அவை கேட்டவை அனாதையாகாதபடி பார்த்திருக்கிறார்கள். எழுத்துருப் பட்டியல் அந்த வகையில் சேர்க்கப்படவில்லை என்பதுதான் நண்பரின் கெட்ட காலம்.

தம்பிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதலில் அந்த ஒய்யை விடுங்கள். ரிமூவ் என்று எழுதும்போது ஹைஃபன் எஸ் சேர்த்தால் ஆப்ட் எதையும் தொடாமல், தொட்டால் என்ன ஆகும் என்று ஒத்திகை காட்டும். நீக்கப்படும் பெயர்களைக் கணினிக்குச் சொந்தக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். "தமிழ்" என்று காதில் விழுந்தால் அவர் நிறுத்தச் சொல்வார். அவர் அன்றாடம் கைவைக்கிற பொருள் எதுவானாலும் ஆப்ட்-மார்க் கட்டளையால் "கேட்டு வாங்கியது" என்று குறி போட்டு வையுங்கள். பிறகு எந்த ஆட்டோரிமூவும் அதன் பக்கம் வராது. ஒரு நிமிட வேலை. நண்பர் கணினியில் தமிழ் எழுத்துருவுக்கும் தட்டச்சு முறைக்கும் அந்தக் குறி இப்போது இருக்கிறது. எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார்.

கருவி எழுதுகிறவர்களிடமும் ஒரு மனு. 2025இல் வந்த டெபியன் 13இல், ஆப்ட் நீக்கப்படுபவற்றைத் தனியே சிவப்பில் காட்டுகிறது. சந்தோஷம், என் கண்ணுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் என்னிடம் உள்ள பழைய கணினியில், நீக்கட்டுமா என்று கேட்கிற இடத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒய். ஒன்றும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்தினாலும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது. நிறுவுவதற்கு அப்படி இருக்கட்டும். நீக்குவதற்கு என் பெரிய எழுத்தில் இருக்கட்டும், ஐயா. மேசையில் பூனை ஏறினால்கூட என்டர் அழுந்தும்.